பெனால்டி கொடுத்த பிறகு கேட்டில் நசுங்கியது சின்னப் பையன்: ஊர் மேட்ச்சுக்கு எப்படிப்பட்ட பந்தோபஸ்து வேண்டும்?

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 10:40

வணக்கமுங்க. போன வாரம் எங்கள் பக்கத்து ஊரில் நடந்த கால்பந்து டோர்னமெண்ட் ஃபைனலுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆட்டம் 1-1. முடிய ஆறேழு நிமிடம் இருக்கும்போது ரெஃப்ரி பெனால்டி ஊதினார். சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கயிற்றை ஒட்டி நின்றிருந்த பையன்கள் உள்ளே ஓடினார்கள். எதிர்ப்பக்கத்துப் பையன்களும் இறங்கினார்கள். பந்தோபஸ்துக்கு வந்திருந்தவர்கள் இரண்டே இரண்டு பேர். ஒருவர் போன் போட, பத்து நிமிடத்தில் வேன் வந்தது. வந்த வேகத்தில் லத்தியைச் சுழற்றினார்கள். அடிக்குப் பயந்து எல்லோரும் ஓடியது டிக்கெட் கேட்டுக்கு. ஓசியில் யாரும் நுழைந்துவிடக்கூடாது என்று அதை ஒருவர் போகிற அளவுக்குத்தான் திறந்து, பாக்கியைச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள்.

என் அக்கா மகனுக்கு 13 வயது. கேட்டில் கீழே விழுந்து காறை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே ஓடியவனும் இல்லை, கல் எறிந்தவனும் இல்லை. தேங்காய் பன் வாங்கிக்கொண்டு நின்றிருந்தவன்.

தை மாதம் எங்கள் ஊரில் 16 டீம் வைத்து நடத்துகிறோம். நான் கமிட்டியில் இருக்கிறேன். நடந்ததைப் பார்த்த பெரியவர்கள் “இந்த வருஷம் விட்டுவிடலாம்” என்கிறார்கள். எனக்கு விட மனசில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாங்கள் என்னதான் செய்ய வேண்டும்?

———

பல்லடம் பத்தாம் நம்பர் | ஞாயிறு, இரவு 11:05

அண்ணா, தம்பி சீக்கிரம் குணமாகட்டும். என் கருத்தைச் சொல்கிறேன். இரண்டு போலீஸ் என்பது இல்லாததற்குச் சமம். இருபது பேர் நின்றால் எவனும் கயிற்றைத் தாண்ட மாட்டான். அப்புறம் வெளியூர்க்காரனை உள்ளேயே விடக்கூடாது. டீம் மட்டும் வரட்டும். நானும் அந்த மாதிரி மேட்ச்சில் ஆடி முதுகில் கல்லடி வாங்கியவன்தான்.

———

விசில்காரர் | திங்கள், காலை 6:20

பதினேழு வருஷமாக ஊதுகிறேன். மாவட்ட லீகும் உண்டு, நோம்பிக்கு நடக்கும் ஊர் டோர்னமெண்டும் உண்டு. சண்டை பெனால்டியில் தொடங்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் நடு மைதானத்தில் நின்று பார்ப்பவன். பல நேரம் அது மைக்கில்தான் தொடங்குகிறது.

கமெண்ட்ரி சொல்பவர் உள்ளூர்க்காரர். முதல் பாதியிலேயே “ரெஃப்ரி கொஞ்சம் கவனித்து ஊதவும்” என்று ஒரு வார்த்தை விடுவார். அவர் விளையாட்டாகச் சொல்வது இரண்டாயிரம் பேர் காதில் “ரெஃப்ரி விலைபோய்விட்டான்” என்று விழுகிறது. அரை மணி நேரம் கழித்து நான் எதை ஊதினாலும் அது அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிடும். இதனுடன் வெளியே நடக்கும் பந்தயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டியவனுக்கு அது பெனால்டி இல்லை, அவன் வாரக் கூலி.

கூட்டம் உள்ளே வந்தால் ஆட்டத்தை நிறுத்தவும் கைவிடவும் விதி 5 எனக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் கைவிட்ட பிறகு நான் எங்கே போவது? ஒரு ஊரில் இரவு ஒன்பது மணி வரை பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் என்னைப் பூட்டி வைத்துக் காப்பாற்றினார்கள். என் வண்டி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றது. மறுநாள் போய்ப் பார்த்தால் சீட் கிழிந்திருந்தது. உடன் வந்த லைன்ஸ்மேன், இருபது வயதுப் பையன், அதன் பிறகு கொடியைத் தொடவே இல்லை.

பெரிய மைதானத்திலும் இதே கதைதான். 2012 டிசம்பர் 9, கொல்கத்தா சால்ட் லேக்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். ஒரு சிவப்பு அட்டை காட்டியதும் கேலரியிலிருந்து எறிந்தது மோகன் பகான் வீரர் ரஹீம் நபியின் முகத்தில் பட்டது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் ஆட வரவே இல்லை. அங்கே எவ்வளவு போலீஸ் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், பத்தாம் நம்பர் தம்பி.

———

பழைய ஏட்டு | திங்கள், காலை 9:15

நான் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஸ்டேஷன் ஸ்டேஷனாக மாறியவன். நடப்பதைச் சொல்கிறேன்.

டோர்னமெண்ட் நடத்துபவர் மனு கொண்டுவருவார். அதில் தேதியும் இடமும் இருக்கும். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை வழி, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் ஆகாது, எதுவும் இருக்காது. அன்றைக்கே ஒரு கோயில் விசேஷம், ஒரு கட்சிக் கூட்டம் இருக்கும். மிச்சம் இருப்பவர்களில் இரண்டு பேரை அனுப்புவார்கள். காலை ஆறு மணிக்கு டூட்டிக்கு வந்தவர்கள் அவர்கள். தகராறு என்றதும் வேனில் வருபவர்கள் ஆயுதப்படைக்காரர்கள். அவர்களுக்கு அந்த ஊரில் ஒரு முகமும் தெரியாது. கண்ணில் படுபவன் எல்லாம் கலகக்காரன்.

ஸ்டேஷனில் நாலு வருஷம் இருந்தவனுக்கு யார் மகன் யார் என்று தெரியும். “டேய், உங்கப்பனுக்கு போன் பண்ணட்டுமா?” என்று கேட்டால் பாதிப் பேர் கயிற்றுக்கு வெளியே போய்விடுவார்கள். இருபது லத்தி செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்திருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

அடித்தும் இருக்கிறேன். ஒரு கபடி மேட்ச்சில் முன்வரிசையை விரட்டச் சொன்னார்கள். முன்னால் இருப்பவன் பின்னால் போக முடியாது, அவன் பின்னால் ஐநூறு பேர். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு கல்லூரிப் பையனின் மணிக்கட்டு என் அடியில் உடைந்தது. அவன் தப்பு எதுவும் செய்யவில்லை. பல வருஷம் ஆகியும் மனசில் இருக்கிறது.

———

ஊத்துக்குளி டூ லங்காஷயர் | திங்கள், பிற்பகல் 2:50

நொய்யல்கரை அண்ணா, மருமகன் இப்போது எப்படி இருக்கிறான்? நான் ஊத்துக்குளிக்காரன், பனியன் வேலை விஷயமாக இங்கிலாந்து வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் ஊர் சின்ன கிளப்பில் மஞ்சள் ஜாக்கெட் போட்டு ஸ்டீவர்டாக நிற்கிறேன். பிரீமியர் லீகிலிருந்து எண்ணினால் ஆறாவது படி. எழுநூறு பேர் வந்தால் நல்ல கூட்டம்.

முதலில் சொல்ல வேண்டியது, எங்கள் மேட்ச்களில் பெரும்பாலும் மைதானத்துக்குள் போலீஸே இல்லை. இங்கே மேட்ச் நாளில் பாதுகாப்பு கிளப்பின் பொறுப்பு. அதற்கென்று ஒரு அதிகாரி கிளப்பில் இருப்பார். குற்றம் நடந்தால்தான் போலீஸ். யார் எங்கே நிற்பது, எந்தக் கேட்டில் யார், ஆம்புலன்ஸ் எந்த வழி, எல்லாம் எங்கள் தலையில். பெரிய மைதானங்களுக்கு எத்தனை பேரை விடலாம் என்பதை உள்ளாட்சி மன்றம் சான்றிதழில் எழுதிக் கொடுக்கும். 1975இல் வந்த சட்டம் அது. கேட்டில் சுழலும் கம்பி ஒவ்வொரு தலையையும் எண்ணும். எண்ணிக்கை நிரம்பினால் கேட்டை மூடுவார்கள். ஆனால் வெளியே போகும் வழியைப் பூட்டக் கூடாது. ஆட்டம் நடக்கும் முழு நேரமும் ஒவ்வொரு வெளிவழியிலும் ஒரு ஆள் நிற்க வேண்டும். நான் மூன்று வருஷம் அப்படி ஒரு கதவைப் பார்த்தபடி முதுகைக் காட்டித்தான் ஆட்டம் கேட்டேன்.

ரகளைக்குப் பேர்போன கிளப் வரும் நாளில் போலீஸ் வரும். அப்போது அவர்களுடன் அந்தக் கிளப்பின் ஊரிலிருந்தே ஒரு காவலர் வருவார். கால்பந்துக்கென்றே இருக்கும் ஆள். தன் ஊர்ப் பையன்களின் முகமும் பெயரும் அவருக்குத் தெரியும். ஏட்டையா சொன்ன “உங்கப்பனுக்கு போன் பண்ணட்டுமா” வேலையை இவர்கள் ஒரு பதவியாகவே வைத்திருக்கிறார்கள்.

கிளிஃபோர்டு ஸ்டாட் என்ற உளவியல் பேராசிரியர் ரசிகர் கூட்டங்களுடனேயே பல வருஷம் சுற்றி ஆராய்ந்தவர். நாலு பேர் செய்த தப்புக்கு நானூறு பேரை அடித்தால், அந்த நானூறு பேரும் அந்த நாலு பேர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்பது அவர் கண்டது. 2004 யூரோ கோப்பையில் போர்ச்சுகல் போலீஸ் அந்தப் புரிதலோடு வேலை செய்தது. கலவரக் கவசம் இல்லாமல், சிரித்துப் பேசிக்கொண்டு, தனி ஆளை மட்டும் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். அவர்கள் காவல் காத்த ஊர்களில் இங்கிலாந்து ரசிகர்களால் பெரிய கலவரம் எதுவும் வரவில்லை.

தண்டனையும் தனி ஆளுக்குத்தான். 1989 சட்டப்படி கோர்ட் ஒருவனுக்கு மூன்று முதல் பத்து வருஷம் வரை மைதானத் தடை விதிக்கலாம். வெளிநாட்டில் பெரிய போட்டி நடக்கும்போது பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும். அவன் ஊர்க்காரன் என்பதற்காக மற்றவர்களுக்குத் தடை இல்லை.

———

பல்லடம் பத்தாம் நம்பர் | திங்கள், மாலை 6:30

எல்லாம் சரிங்க அண்ணா. அங்கே காசு இருக்கிறது, கேமரா இருக்கிறது. இங்கே சவுக்குக் கட்டையும் தேங்காய் நார்க் கயிறும்தான். கயிற்றைத் தாண்டத்தானே செய்கிறார்கள்? ஆளுயரத்துக்குக் கம்பிவலை அடித்துவிட்டால் என்ன? எங்கள் ஊர் கமிட்டி ஒரு லட்சம் ஒதுக்கி அதைத்தான் யோசிக்கிறது.

———

ஊத்துக்குளி டூ லங்காஷயர் | திங்கள், இரவு 8:10

தம்பி, கம்பிவலை மட்டும் வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

கூட்டம் உள்ளே இறங்கக்கூடாது என்று இங்கேயும் எழுபதுகளில் இருந்து ஆளுயர வேலி போட்டார்கள். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். வெளியே நெரிசல் என்று போலீஸ் ஒரு வெளிவழிக் கேட்டைத் திறந்து விட்டது. வந்தவர்கள் நேராக ஏற்கனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குள் போனார்கள். பக்கவாட்டில் இடம் காலியாகத்தான் இருந்தது. முன்னால் வேலி. மொத்தம் 97 பேர் இறந்தார்கள். வேலியைப் பிடித்து ஏறியவர்களை முதலில் ரகளை என்று நினைத்தார்கள். மூச்சுக்குத் தவித்தவர்கள் அவர்கள். பழியையும் குடிகார ரசிகர்கள் மேல் போட்டார்கள். சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தப்பில்லை என்று ஜூரி சொல்ல 2016 ஆகிவிட்டது.

நீங்கள் கேட்கும் சின்ன மைதானத்துக்கு இதைவிட நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. 1985 மே 11, பிராட்ஃபோர்டு. மூன்றாம் டிவிஷன் ஆட்டம், கோப்பை வாங்கிய சந்தோஷத்தில் ஊரே வந்திருந்தது. பழைய மரக் கேலரி, அடியில் வருஷக்கணக்கில் சேர்ந்த குப்பை. அதில் தீப்பிடித்தது. 56 பேர் போனார்கள். பின்பக்க வாசலுக்கு ஓடிய பலர் பூட்டிய கதவுகளிடம் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் மைதானத்துக்குள் குதித்தவர்கள் பிழைத்தார்கள், ஏனென்றால் அந்தக் கேலரிக்கு முன் வேலி இல்லை. வேலி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் கிளப் பயிற்சியில் கேட்டபோது யாரும் பேசவில்லை.

அதே மே 11, அதே மதியம், பர்மிங்ஹாமில் லீட்ஸ் வந்த ஆட்டத்தில் பெரிய கலவரம். சுவர் இடிந்து ஒரு 15 வயதுப் பையன் இறந்தான். இரண்டையும் ஒரே விசாரணைக் குழுதான் விசாரித்தது. ரகளையும் விபத்தும் வேறு வேறு இலாகா இல்லை தம்பி. ஒன்றுக்குப் பயந்து போடும் பூட்டு இன்னொன்றில் கொல்கிறது. உங்கள் மேட்ச்சில் டிக்கெட் கேட்டின் சங்கிலியும் அதுதான் அண்ணா.

வெளியூர்க்காரர்களைத் தடுப்பது பற்றி: லூட்டன் கிளப் 1985இல் மில்வால் ரசிகர்கள் செய்த கலவரத்துக்குப் பிறகு நாலு சீசன் வெளியூர் ரசிகர்களையே விடவில்லை. மைதானம் அமைதியானது உண்மை. ஆனால் அதற்கு உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் யாருக்கு மாமன் வீடு எந்த ஊர் என்று பிரிப்பீர்கள்?

———

வாளையார் செவன்ஸ் | திங்கள், இரவு 9:00

நான் எல்லையோரம், கேரளப் பக்கத்துக் காற்றில் வளர்ந்தவன். செவன்ஸ் சீசனில் பாலக்காடு, மலப்புறம் என்று மாதம் பத்து மேட்ச் பார்ப்பேன். எழுவர் ஆட்டத்தில் மைதானம் சின்னது, கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் இரண்டு அடிதான். வீரன் த்ரோ எடுக்கக் கை தூக்கினால் பின்னால் இருப்பவர் மூக்கில் இடிக்கும். 2024இல் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் விரட்டி அடித்தது. நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள், கல் எறிந்தார்கள் என்று அவர் போலீஸில் புகார் கொடுத்தார். அந்த வீடியோவைப் பார்த்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்மை நம்பி ஆட வந்தவர் அவர்.

இன்னொன்று தற்காலிக கேலரி. 2020 ஜனவரியில் பாலக்காடு நூரணியில், செவன்ஸ் ஆடும்போது மைதானத்திலேயே உயிர்விட்ட தனராஜன் குடும்பத்துக்காக ஒரு ஆட்டம் வைத்தார்கள். பழைய இந்திய அணி வீரர்கள் பாய்ச்சுங் பூட்டியா, ஐ.எம். விஜயன் எல்லாம் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே கேலரி சரிந்து பல பேருக்குக் காயம். 2022 மார்ச்சில் மலப்புறம் பூங்கோட்டில் ஃபைனல் அன்று மறுபடி அதே கதை. இரண்டிலும் யாரும் சண்டை போடவில்லை. கட்டையும் கயிறும் தாங்கும் அளவுக்கு மேல் ஆளை ஏற்றியதுதான். கேலரி கட்டுபவரிடம் எத்தனை பேர் தாங்கும் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் கேலரி வேண்டாம், மண்மேட்டில் உட்காரட்டும்.

———

தாராபுரம் சிஸ்டர் | செவ்வாய், காலை 7:45

நான் நர்ஸ். அவசரப் பிரிவில் வேலை. மேட்ச் நாள் இரவில் எங்களிடம் வருபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை.

லத்திக் காயத்தைவிட விழுந்து மிதிபட்ட காயம்தான் அதிகம். 108 வண்டி மைதானத்துக்கு வெளியே நின்றுவிடும், ஏனென்றால் உள்ளே போகும் ஒரே சந்தில் இரண்டு பக்கமும் பைக். தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். கழுத்தில் அடிபட்டவனை அப்படித் தூக்கவே கூடாது. எத்தனை முறை சொன்னாலும் பதற்றத்தில் யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே வண்டி வரும் வழியைக் காலியாக வைப்பதற்கென்றே இரண்டு பேரைப் போடுங்கள். அவர்கள் ஆட்டம் பார்க்கக் கூடாது.

2025 செப்டம்பர் 27 இரவுக்குப் பிறகு எனக்குக் கூட்டம் என்றாலே நெஞ்சு அடைக்கிறது. கரூர் வேலுசாமிபுரத்தில் நெரிசலில் உயிர்விட்ட 41 பேரும் யாரோடும் சண்டைக்குப் போனவர்கள் இல்லை. நம் கொங்கு மண்ணில் இனி எந்தக் கூட்டத்துக்கும் அனுமதி கேட்பவர் “ஒன்றும் ஆகாதுங்க” என்று சொல்லக் கூடாது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு பக்கம் தனியாக விடுங்கள், கழிப்பறையோடு. அக்காவும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் பையன்கள் பாட்டில் எறிந்து நான் பார்த்ததில்லை.

———

சிங்காநல்லூர் ஸ்டாப்பர் | செவ்வாய், பகல் 12:10

யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். டீம் பெயர் தெருவின் பெயராக இருக்கும். தெரு யாருடையது என்று ஊருக்கே தெரியும். கோல் விழுந்ததும் கத்துவது கோலைப் பற்றி இருக்காது. பதினெட்டு வயதில் எங்கள் தெரு டீமுக்கு ஆடியபோது சாதிப் பெயரைச் சொல்லி நூறு பேர் கத்தக் கேட்டேன். கமிட்டியும் கேட்டது, டூட்டியில் இருந்தவரும் கேட்டார். எங்கள் பையன் ஒருவன் திரும்பி அடித்தான். வழக்கு அவன் மேல்தான் வந்தது.

பட்டியல் சாதியினரைப் பொது இடத்தில் அப்படித் திட்டுவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்திலும் நிறவெறிக் கோஷத்தை 1991இல் கால்பந்துக் குற்றமாகத் தனியாகவே சட்டம் போட்டிருக்கிறார்கள். முதல் கோஷம் எழும்போதே ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்த வேண்டும், மைக்கில் அறிவிக்க வேண்டும், கத்தியவனை வெளியே அனுப்ப வேண்டும். கல் அதற்கப்புறம்தான் வரும். கல்லுக்கு மட்டும் போலீஸைக் கூப்பிடுவது எங்களுக்கு நியாயம் இல்லை.

———

விசில்காரர் | செவ்வாய், பகல் 1:00

சிங்காநல்லூர் தம்பி, சொன்னது முழுக்க உண்மை. நானும் காதில் விழாத மாதிரி ஊதியிருக்கிறேன். இனி நிறுத்துவேன்.

———

பழைய ஏட்டு | செவ்வாய், மாலை 4:40

சிங்காநல்லூர் தம்பிக்கு என் பதிலும் அதேதான். டூட்டியில் கேட்டும் கேட்காமல் நின்றவர்களில் நானும் உண்டு.

சட்டம் கேட்டு ஒருவர் தனியாக எழுதியிருந்தார். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148ஆவது பிரிவு, பழைய சட்டத்தின் 129தான். கூட்டத்தைக் கலையச் சொல்லி முதலில் உத்தரவிட வேண்டும். கலையாவிட்டால்தான் பலம். இரண்டாயிரம் பேர் கத்தும் இடத்தில் எஸ்.ஐ. வாயால் சொன்னால் யாருக்குக் கேட்கும்? கமிட்டி மைக்கை அவர் கையில் கொடுக்க வேண்டும். கலைந்து போக வழியும் இருக்க வேண்டும். வழி இல்லாத இடத்தில் கலையச் சொல்வது உத்தரவே இல்லை.

கண்ணீர்ப் புகை பற்றி யாரும் நினைக்கவே வேண்டாம். அதனால் கால்பந்து மைதானங்களில் செத்தவர்கள்: 1964இல் பெரு நாட்டு லிமா, 328 பேர். 2001இல் கானா நாட்டு அக்ரா, 126 பேர். 2022 அக்டோபர் 1 இந்தோனேசியாவில் கஞ்சுருஹான், 135 பேர். மூன்றிலும் புகை போட்டார்கள், மூன்றிலும் ஜனம் ஓடிப்போய் மூடிய வழிகளில் நசுங்கியது. மைதானத்துக்குள் அந்தப் புகையைக் கொண்டுபோகவே கூடாது என்று ஃபிஃபா விதியில் இருக்கிறது.

நொய்யல்கரை தம்பி, மனுவை மாற்றி எழுதுங்கள். மைதானத்தை ஒரு தாளில் வரைந்து, வழிகளைக் குறித்து, சேராத இரண்டு ஊர் எவை, அவர்களுக்குள் எந்த நாள் ஆட்டம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த இரண்டு ஊர் ஸ்டேஷனிலிருந்தும் பையன்களைத் தெரிந்த ஒரு காவலரைக் கேளுங்கள். எந்த இன்ஸ்பெக்டரும் அப்படி ஒரு மனுவை ஓரமாக வைக்க மாட்டார். வேண்டுமானால் நானும் கூட வருகிறேன்.

———

நொய்யல்கரை | வியாழன், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றிங்க. மருமகனுக்கு மாவுக்கட்டு இல்லை, கையைத் தூளியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆறு வாரம். தை மேட்ச்சுக்கு வருவேன் என்று அடம்.

நேற்று கமிட்டி கூடியது. ஹில்ஸ்பரோ, பிராட்ஃபோர்டு விஷயத்தையும் சிஸ்டர் எழுதியதையும் படித்துக் காட்டினேன். பெரியவர்களில் மூத்தவர் எழுந்து “கேட்டுச் சங்கிலியை என்கிட்ட கொடு” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். நடத்துவது என்று முடிவானது.

தெற்குச் சுவரில் இரண்டு இடத்தில் பத்தடிக்கு இடித்து வழி விடுகிறோம். செலவு கோப்பைத் தொகையிலிருந்து. டிக்கெட்டை மைதானத்து வாசலில் கொடுக்காமல், முன்னூறு அடி முன்னால் புளியமரத்தடியிலேயே கொடுக்கிறோம், கேட் முழுசாகத் திறந்திருக்கும். கேலரி கிடையாது. கோட்டுக்கும் கயிற்றுக்கும் பத்தடி, அந்த இடைவெளியில் எங்கள் பையன்கள் முப்பது பேர் கூட்டத்தைப் பார்த்து உட்கார்வார்கள். ரெஃப்ரிகளின் வண்டி தலைவர் வீட்டில் நிற்கும். கமெண்ட்ரிக்கு வெளியூர்க்காரர். பந்தயத்தைத் தடுக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. அதில் இன்னும் வாக்குவாதம்தான்.

சாதி கோஷம் பற்றி அரை மணி நேரம் சத்தம். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் சம்மதித்தார்கள்: முதல் கோஷத்துக்கு ஆட்டம் நிற்கும், இரண்டாவது கோஷத்துக்கு அந்த டீம் ஊருக்குப் போகும். நோட்டீஸிலேயே அச்சடிக்கிறோம்.

பல்லடம் தம்பி, உன் ஊர் கமிட்டித் தலைவர் நம்பரை எனக்கு அனுப்பு. வலைக்கு முன்பணம் கொடுக்கும் முன் அவரிடம் பேச வேண்டும். ஏட்டையா, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். மைதானப் படத்தை என் மருமகன் இடது கையால் வரைந்து கொடுத்திருக்கிறான்.

———

பழைய ஏட்டு | வியாழன், இரவு 9:52

ஒன்பதரைக்கே வந்துவிடு தம்பி. பத்து மணிக்கு மேல் இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் போய்விடுவார்.